தெலோனியஸ் மாங்க்: பறிபோன ஆறு ஆண்டுகள்

1954ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், ஒரு வீட்டின் வரவேற்பறையே ஒலிப்பதிவுக் கூடம். டிரம்பெட்டில் மைல்ஸ் டேவிஸ், வைப்ரஃபோனில் மில்ட் ஜாக்சன், பாஸில் பெர்சி ஹீத், டிரம்ஸில் கென்னி கிளார்க், பியானோவில் தெலோனியஸ் மாங்க். ‘த மேன் ஐ லவ்’ பாட்டின் இரண்டாவது டேக் போய்க்கொண்டிருக்கிறது. மாங்கின் முறை வருகிறது. தாளம் விறுவிறுவென்று ஓட, அவர் மட்டும் மெட்டை இழுத்து இழுத்து, பாதி வேகத்தில் ஒவ்வொரு சுரமாக வைக்கிறார். திடீரென்று கையை எடுத்துவிடுகிறார். பாஸும் டிரம்ஸும் நிற்கவில்லை. பியானோவில் மட்டும் சத்தமே இல்லை. மைல்ஸ் டிரம்பெட்டை எடுத்து ஒரு கீற்று ஊதுகிறார். அடுத்த நொடி மாங்க் முழு வேகத்தோடு உள்ளே பாய்கிறார்.

அவர் வழி தவறி நின்றாரா, வேண்டுமென்றே நின்றாரா? ஜாஸ் ரசிகர்கள் எழுபது ஆண்டுகளாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பிப் பாய்ந்தபோது தாளத்தில் இம்மியும் பிசகவில்லை. இடத்தைத் தொலைத்தவரால் அப்படி வந்து சேர முடியாது.

மாங்கின் மேல் ஆயுள் முழுவதும் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு ஒன்றுதான்: இவருக்குக் கை பேசாது. விரல்களை வளைக்காமல் தட்டையாக வைத்து வாசிக்கிறார், பெரிய மோதிரங்களோடு உட்காருகிறார், சில நேரம் முழங்கையால் கட்டைகளை அழுத்துகிறார், குழு வாசிக்கும்போது எழுந்துபோய்ச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார். கிரிக்கெட்டில் ஷிவ்நரைன் சந்தர்பாலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நண்டு மாதிரி நின்ற அந்த மனிதர் டெஸ்டில் 11,867 ரன்களும் 30 சதங்களும் அடித்தார். நிற்கும் கோலத்தை வைத்து ஆட்டத்தை எடை போடக்கூடாது.

கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பியானோவில் கமகம் கிடையாது. வயலினில் விரலை இழுத்து இரண்டு சுரங்களுக்கு நடுவே நிற்கலாம்; பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே எதுவும் இல்லை. மாங்க் இதற்கு வழி கண்டார். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை ஒன்றாகத் தட்டி, ஒன்றை உடனே விட்டுவிடுவார். இரண்டும் உரசி, ஒன்று தேய, இல்லாத அந்த நடுச்சுரம் கேட்பதுபோல் காதுக்குப் படும். தட்டையான விரலின் பயனும் இங்கேதான் தெரிகிறது. மணி அடித்தது போன்ற அழுத்தம் அதில் கிடைக்கிறது. எந்தக் கட்டையை எப்போது விடுவது என்பது விரலின் பிடியில் இருக்கிறது. தெரியாமல் பக்கத்துக் கட்டையில் விரல் பட்டவர், ஒவ்வொரு இரவும் அதே இடத்தில் அதே கட்டையைத் தொட மாட்டார்.

வட கரோலினாவின் ராக்கி மவுண்டில் 1917 அக்டோபர் 10 அன்று பிறந்தவர். 1922இல் குடும்பம் நியூயார்க்கின் 63ஆம் தெருவுக்கு வந்தது. பதின்ம வயதில் ஒரு சுவிசேஷ ஊழியருடன் ஊர் ஊராகப் போய் வாசித்தார். 1940களின் தொடக்கத்தில் ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸில் அவர்தான் பியானோ. பீபாப் என்ற புது ஜாஸ் பாணி பிறந்த கூடம் அது. ஆனால் பெயர் சார்லி பார்க்கருக்கும் டிஸ்ஸி கில்லெஸ்பிக்கும் போனது. தன் பெயரில் மாங்க் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தபோது, 1947இல், அவருக்கு வயது முப்பது.

அடி 1951 ஆகஸ்டில் விழுந்தது. நண்பரும் மாபெரும் பியானோக் கலைஞருமான பட் பவலுடன் காரில் இருந்தபோது போலீசார் போதைப்பொருளைக் கண்டெடுத்தார்கள். பவலுக்கு எதிராக வாய் திறக்க மாங்க் மறுத்தார். அறுபது நாள் சிறை. அதைவிடப் பெரிய தண்டனை பிறகு வந்தது: கேபரே அட்டையைப் பறித்தார்கள். மது விற்கும் இடங்களில் வாசிக்க நியூயார்க் போலீசார் கொடுத்துவந்த அனுமதி அட்டை அது. அது இல்லாமல் ஜாஸ் கிளப் எதிலும் வேலை கிடையாது. முப்பத்து மூன்று வயதில், ஆட்டம் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில், சொந்த ஊர்க் களத்திலேயே அவருக்குத் தடை. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். அந்த நாட்களில் மனைவி நெல்லியின் உழைப்பில்தான் வீடு நடந்தது. 1955இல் ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனம் மாங்கைப் பழைய ஒப்பந்தத்திலிருந்து மீட்கக் கட்டிய தொகை 108 டாலர் 27 சென்ட். ஒரு மேதைக்கு அன்றைய சந்தை வைத்த விலை அவ்வளவுதான்.

களம் பூட்டிக் கிடந்தாலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. மகனின் செல்லப்பெயரை வைத்து, ரயில் ஊதலைச் சுரக்கொத்தாக்கி ‘லிட்டில் ரூட்டி டூட்டி’ எழுதினார். 1956இல் ‘பிரில்லியன்ட் கார்னர்ஸ்’. ஒரு சுற்று மெதுவாகவும் அடுத்த சுற்று இரட்டை வேகத்திலும் ஓடும் மெட்டு. சாக்ஸஃபோனில் சோனி ராலின்ஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். அந்தக் காலத்தின் முதல்தர ஆட்டக்காரர்கள். 25 முறை முயன்றும் அவர்களால் ஒருமுறைகூடத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசிக்க முடியவில்லை. தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் நாடாவை வெட்டி ஒட்டித்தான் இசைத்தட்டை முடித்தார். கை பேசாதவர் என்று பெயர் வாங்கியவர் எழுதிய மெட்டு இது.

1957இல் அட்டை திரும்பக் கிடைத்தது. மேலாளராக இருந்த பள்ளி ஆசிரியர் ஹாரி கொலம்பியும், தோழி பன்னோனிகா டி கோனிக்ஸ்வார்ட்டரும் அதற்காக ஓடியாடி உழைத்திருந்தார்கள். கோடையில் கூப்பர் சதுக்கத்தின் ஃபைவ் ஸ்பாட்டில் மாங்க் இறங்கினார். சாக்ஸஃபோனில் ஜான் கோல்ட்ரேன். இதுதான் அந்த மறுவருகையின் சிறந்த அத்தியாயம். கோல்ட்ரேன் சுரங்களை அருவியாகக் கொட்டுவார்; மாங்க் பின்னால் இரண்டு சுரக்கொத்து வைத்துவிட்டு எழுந்து ஆடப் போய்விடுவார். அதைக் கோமாளித்தனம் என்றார்கள். பியானோ விலகியதும் சாக்ஸஃபோனுக்கு எவ்வளவு இடம் திறக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எப்போது பந்தைத் தொடக்கூடாது என்று தெரிந்த ஆட்டக்காரரின் வேலை அது.

அடி அத்தோடு நிற்கவில்லை. 1958இல் டெலவேரில் ஒரு விடுதியில் தண்ணீர் கேட்டு நுழைந்தவரைப் போலீசார் அடித்து இழுத்துப் போனார்கள். அட்டை மறுபடியும் போய், 1960இல்தான் திரும்பியது. பிறகு கொலம்பியா நிறுவனத்தின் ஒப்பந்தம், 1964 பிப்ரவரியில் ‘டைம்’ இதழின் அட்டைப்படம். 1970களின் நடுவில் வாசிப்பதையே விட்டுவிட்டு, வீஹாக்கனில் பன்னோனிகாவின் வீட்டில் ஒதுங்கி, 1982 பிப்ரவரி 17 அன்று காலமானார். எழுதியவை எழுபது சொச்சம் மெட்டுகள். ஆயிரத்துக்கு மேல் எழுதிய டியூக் எலிங்டனுக்கு அடுத்தபடியாக, ஜாஸ் உலகில் அதிகம் ஒலிப்பதிவானவை அவைதான். கேபரே அட்டை முறை 1967இல் ஒழிந்தது. அது தின்ற ஆண்டுகளுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

ஒரு வேண்டுகோள். 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் மாங்கும் கோல்ட்ரேனும் வாசித்த நாடா, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 48 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து 2005இல் அகப்பட்டது. முதல் உருப்படி ‘மாங்க்ஸ் மூட்’. அதைக் கேட்கும்போது ஒருமுறை கோல்ட்ரேனை விட்டுவிட்டு, பியானோவை மட்டும் தொடர்ந்து போங்கள்.