புகையில்லா அடுப்பு: குறை அடுப்பிலா, குழாயிலா?

'புகையில்லா அடுப்பு' என்னும் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயரே பாதிப் பொய். விறகு அரைகுறையாக எரியும்வரை புகை உண்டாகவே செய்யும். புகைபோக்கி அதை அழிப்பதில்லை. வேறிடத்துக்கு அனுப்புகிறது, அவ்வளவே. குழாயின் வாய் இறவாணத்துக்கு அடியிலோ சன்னலை ஒட்டியோ முடிந்தால், போன புகை வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும்.

இவ்வகை அடுப்பு புதிதன்று. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு 1950-களிலேயே இதை வடிவமைத்து, நூலும் எழுதினார். 1980-களின் முற்பகுதியில் மத்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-ல் அது முடிவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. எண்ணப்பட்டவை அடுப்புகளே. குழாய் அடைத்துக்கொண்டதா, அதைத் துப்புரவு செய்ய வீட்டாருக்கு யாரேனும் கற்றுக் கொடுத்தார்களா என்பதற்குப் போதிய கவனம் இல்லை. இத்திட்டத்தின் பெருங்குறை இதுவே என்பேன்.

குழாய் ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியசில் இருக்கும்போது ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.16 கிலோகிராம் எடையுள்ளது. குழாய்க்குள் 150 டிகிரியில் இருக்கும் வாயுவோ 0.83 கிலோகிராம்தான். இந்த வேறுபாடுதான் புகையை மேலே தள்ளுகிறது. 3 மீட்டர் உயரக் குழாயில் இதனால் உண்டாகும் அழுத்தம் சுமார் 10 பாஸ்கல், அதாவது 1 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம்! இத்தனை மெல்லிய விசையை ஒரு வளைவோ, எதிர்க்காற்றோ, கரிப் படிவோ எளிதில் தோற்கடித்துவிடும். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 1 செ.மீ. கரி படிந்தால் புகை செல்லும் பரப்பு 64 விழுக்காடாகக் குறைகிறது.

ஒடிசா கிராமங்களில் ரேமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. புகைபோக்கி அடுப்பால் முதல் ஆண்டில் சமைப்போர் சுவாசித்த புகை குறைந்தது. பிந்திய ஆண்டுகளில் அந்தப் பயன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாததும் பராமரிக்காததுமே காரணம் என்றனர். பழியைப் பெண்கள் தலையில் சுமத்திவிடாதீர்கள். கூரைமேல் ஏறித்தான் கரியைத் தட்ட முடியும் என்றால், அது வடிவமைத்தவரின் பிழை.

எனவே உங்கள் வீட்டில் விறகடுப்பு வைப்பதாயின் முதலில் குழாயைப் பாருங்கள். அது கூடியவரை நேராக நிற்கட்டும். கரியை வழித்தெடுக்க அடியில் ஒரு திறப்பு வேண்டும். வாய் கூரை முகட்டைத் தாண்டி உயர்ந்திருப்பது நல்லது. முகட்டில் மோதிக் கீழிறங்கும் காற்று புகையை உள்ளே திருப்பும். ஓலைக் கூரையை ஊடுருவித் தகரக் குழாயைச் செலுத்தவே கூடாது. உள்ளே படிந்த கரி தீப்பற்றினால் குழாய் பழுக்கக் காய்ந்துவிடும். சுவர் வழியே வெளியே கொண்டுபோய், ஓலையிலிருந்து விலக்கி நிறுத்துங்கள். பழைய அடுப்புகள் பலவற்றில் கல்நார் சிமெண்டுக் குழாய் உண்டு. நுரையீரலைக் காக்க வந்த அடுப்புக்கு, நுரையீரலைக் கெடுக்கும் இழைகள் கொண்ட குழாய்! அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம்.

அடுப்பு எரியும்போது ஊதுவத்தி ஒன்றை அதன் வாயருகே பிடியுங்கள். ஊதுவத்திப் புகை உள்ளே இழுபட்டால் குழாய் வேலை செய்கிறது. வெளியே தள்ளப்பட்டால் கதவையும் சன்னலையும் திறந்துவிட்டு, தீயை அணையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் அந்த வழியாகவே அறைக்குள் வந்துகொண்டிருக்கிறது.