பாரம் கரையில்

பைத்தானில் எழுதிய நிரல் 16 கே.பி. ரேம் உள்ள சில்லில் ஓடும் என்றால், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள்தான் முதலில் நம்ப மாட்டார்கள். மடிக்கணினியில் அதே பைத்தான் எழுந்து உட்காரவே சில எம்.பி. கேட்கும். பைத்தான், ஜாவா போன்ற மொழிகளில் எழுதுபவர் நினைவகக் கணக்கைப் பார்ப்பதில்லை. எது தேவை, எது குப்பை என்று பார்த்துக்கொள்ள ரன்டைம் என்ற ஒன்று கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பரிவாரத்தைத் தீப்பெட்டி அளவு போர்டில் இறக்குவது எப்படி? நான் ரசிப்பது இதைத்தான்.

டேமியன் ஜார்ஜ் என்ற இயற்பியலாளர் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 2013ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வளர்த்தது மைக்ரோபைத்தான். இருக்கிற பைத்தானைச் செதுக்கிச் சிறிதாக்காமல் சி மொழியில் அடியிலிருந்து எழுதினார். 256 கே.பி. ஃப்ளாஷும் 16 கே.பி. ரேமும் இருந்தால் அதற்குப் போதும். ஆனால் அந்த சி நிரலைச் சில்லிலேயே கம்பைல் செய்ய வழியில்லை. கம்பைலர் அங்கே நுழையவே நுழையாது. புதுச்சேரி மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு மாடியறையில் இன்டெல் மடிக்கணினியைத் திறந்துவைத்து, அந்த மடிக்கணினியால் ஓட்ட முடியாத ஆர்ம் ஆணைகளை அதன் கையாலேயே எழுதவைக்க வேண்டும். இதுதான் கிராஸ் கம்பைல்.

மேக் கட்டளை கொடுத்ததும் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதலில் எம்பிஒய்-கிராஸ் என்ற சிறு கருவி, மடிக்கணினியில் ஓடுவதற்காகவே உருவாகிறது. பைத்தான் கோப்புகளை அது பைட்கோடாக மாற்றித் தருகிறது. அதன் பிறகே சில்லுக்கான ரன்டைம் கம்பைலாகிறது. பைட்கோடு அதோடு சேர்ந்து உறைந்து ஃப்ளாஷில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓடும்போது அதை ரேமுக்கு நகலெடுப்பதில்லை, இருந்த இடத்திலிருந்தே ஓடுகிறது. (ஓர் இயந்திரத்தில் கட்டி, இரண்டாவதில் ஓடி, மூன்றாவதற்கு நிரல் தரும் கம்பைலருக்குக் கனடியன் கிராஸ் என்று பெயர். பெயர் வைத்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தனவாம். நம் ஊரில் வைத்திருந்தால் எண்ணி முடிந்திருக்காது.)

தேர்ந்த கை தெரிவது இன்னும் கீழே. மைக்ரோபைத்தானின் குப்பை சேகரிப்பான், எந்தப் பொருள் இன்னும் பயனில் இருக்கிறது என்பதை ஸ்டாக்கைத் துழாவித் தெரிந்துகொள்கிறது. ஒரு பொருளின் முகவரி ஸ்டாக்கில் இல்லாமல் ப்ராசஸரின் ரெஜிஸ்டரில் மட்டும் இருந்தால் கண்ணில் படாது. உயிரோடிருக்கும் பொருளைக் குப்பையென்று கூட்டித் தள்ளிவிடும். போர்டு உடனே விழுவதில்லை. காலியான அந்த இடத்தில் வேறு எதையோ எழுதிய பிறகு, சம்பந்தமே இல்லாத வரியில் விழும். தேடுகிறவர் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே துழாவத் தொடங்கும் முன் ரெஜிஸ்டர்களில் இருப்பதை ஸ்டாக்கில் கொட்டியாக வேண்டும். சி மொழி ரெஜிஸ்டர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதால், ஒவ்வொரு ப்ராசஸர் வகைக்கும் அசெம்பிளியில் கையால் எழுதுவதே உறுதியான வழி. கார்டெக்ஸ்-எம்4 சில்லில் ஆர்4 முதல் ஆர்11 வரை நேராகக் கொட்டிவிடலாம். எம்0 ஏழை. ஆர்8 முதல் ஆர்11 வரை உள்ளவற்றுக்கு நினைவகத்துக்கு நேர்வழி அதில் இல்லை. கீழ் ரெஜிஸ்டருக்கு மாற்றி, அங்கிருந்து அனுப்ப வேண்டும். சென்னை ஐஐடி உருவாக்கி, 2018ல் சில்லாகவே வெளிவந்த சக்தி, ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் இப்படிக் காப்பாற்ற வேண்டியவை எஸ்0 முதல் எஸ்11 வரை பன்னிரண்டு. ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் இந்தக் கோப்புகளை நான் திரும்பத் திரும்பத் திறந்து படிப்பதுண்டு. வீண் வரி ஒன்றுகூட இருக்காது.

கரையில் எதை விட்டுவிட்டுப் போவது என்ற முடிவில்தான் இந்தக் கலையின் அழகெல்லாம். புதுச்சேரிக்கு அது புதிதும் அல்ல. 1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் அலை உயர முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். வரைபடமும் கணக்கும் எங்கோ கிடக்க, கட்டுமரம் தள்ளப் போகிறவர் காதுக்கு வந்தது ஓர் உயரமும் ஒரு நேரமும்தான்.

எதைக் கரையில் விடுவது என்ற முடிவைக் கறாராக எடுத்தது, சில்லு பதித்த அட்டைக்குள் ஓடுவதற்காக 1996ல் வந்த ஜாவா கார்டு. அப்படிப்பட்ட அட்டைக்கு 1974ல் காப்புரிமை கேட்டவர் ரோலன் மொரேனோ, பிரெஞ்சுக்காரர். புதுச்சேரிக்காரனுக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். ஜாவா கார்டில் தசம எண் கிடையாது, சரம் கிடையாது, த்ரெட் கிடையாது, குப்பை சேகரிப்பான்கூட இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வகுப்புக் கோப்புகளைப் பிரித்து, சுருக்கி, சரிபார்க்கும் வேலையை அட்டைக்கு வெளியே பெரிய கணினி முடித்துவிடுகிறது. இன்றைய சிம் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது இதுதான். வியக்கிறேன். ஆனால் ரசிக்க முடியவில்லை. இவ்வளவையும் துறந்த பிறகு மிச்சமிருப்பதை ஜாவா என்று கூப்பிட மனம் வரவில்லை. மைக்ரோபைத்தான் பைத்தானாகவே இருக்கிறது.

தமிழ் வரும்போது அதுவும் தடுமாறும். ‘புதுச்சேரி’ நம் கணக்கில் ஐந்தெழுத்து. யூனிகோடில் பத்துக் குறிகள், யுடிஎஃப்-8ல் முப்பது பைட். சேமிப்பதில் சிக்கல் இல்லை, காட்டுவதில்தான். மைக்ரோபைத்தானோடு வரும் 8×8 எழுத்துரு ஆங்கிலத்துக்கு மட்டுமானது. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் இருபுறமும் பிரித்து வைக்கும் இலக்கணத்தைச் சில்லுக்குச் சொல்லித்தரப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. எழுத்துக் கோப்பதையும் மடிக்கணினியிலேயே முடித்துவிடலாம். 128×64 புள்ளி ஓஎல்ஈடி திரை ஒன்றுக்கு 1,024 பைட் போதும். ராஸ்பெர்ரி பை பிக்கோவின் 2 எம்.பி. ஃப்ளாஷில், ரன்டைமுக்கு இடம் விட்ட பிறகும், இப்படி நூற்றுக்கணக்கான தமிழ்த் திரைகள் உறைந்து உட்காரும். மாறிக்கொண்டே இருக்கும் எண்களை மட்டும் போர்டு தானே எழுதிக்கொள்ளட்டும். அதற்கு அந்த ஆங்கில எழுத்துருவே போதும்.