எட்டு எழுத்தில் நான்கு பேர்

ஜப்பானிய ஜாஸ் ஃப்யூஷனில் எங்கே ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் ஒரே ஒரு ஆல்பத்தின் பெயரைச் சொல்வது வழக்கம்: ‘மின்ட் ஜாம்ஸ்’. 1982-இல் வந்தது. வாசித்தவர்கள் காஸியோபியா என்ற நால்வர் குழு. யூடியூபில் எண்பதுகளின் ஜப்பானியப் பாட்டு ஒன்றைத் தெரியாத்தனமாக க்ளிக் செய்தவர்களுக்கு இது ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கும். அந்த அல்காரிதத்துக்கு இந்த ஆல்பத்தின் மேல் அப்படி ஒரு பாசம். மொத்தம் ஏழு உருப்படிகள். ஆவடியில் லோக்கல் ஏறி இயர்போனை மாட்டினால் சென்ட்ரல் வருவதற்குள் முடிந்துவிடும்.

கேட்டுவிட்டு வரும் நண்பர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா லிஃப்ட்ல போடுற மியூசிக் மாதிரி இருக்கு.’ அல்லது, ‘இது ரேஸ் கேம் மியூசிக்தானே?’ இரண்டாவதில் உண்மை இருக்கிறது. காஸியோபியாவோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் டி-ஸ்கொயர் குழுவின் கிட்டாரிஸ்ட் மசஹிரோ ஆண்டோதான் ‘கிரான் டுரிஸ்மோ’ விளையாட்டுக்கு இசை போட்டவர். அதே குழு 1987-இல் வெளியிட்ட ‘ட்ரூத்’, ஜப்பான் தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் பந்தயத்தின் அடையாள இசை ஆனது. முதல் குற்றச்சாட்டுக்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது உருப்படி ‘அசயாகே’. விடியலின் செவ்வானம் என்று பொருள். இஸ்ஸே நோரோவின் கிட்டார் தனியாகத் தொடங்குகிறது. வலது கை ஒரு நொடிகூட நிற்பதில்லை. இடது கை தந்தியை அமுக்குவதும் விடுவதுமாக இருப்பதால் பாதி ஸ்வரமாகவும் பாதி வெறும் தட்டலாகவும் கேட்கிறது. மிருதங்கத்தில் தொப்பியை அடக்கி வாசிப்பது மாதிரி, சத்தத்தை அடைப்பதுதான் இங்கே தாளம். அப்புறம் டெட்சுவோ சகுராயின் பாஸ், அகிரா ஜிம்போவின் டிரம்ஸ், மினோரு முகாயாவின் கீபோர்டு எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழும்போது, எவ்வளவு வேகம் என்பதைவிட எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நாலு பேரும் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிப்பதே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டூடியோவில் துடைத்துத் துடைத்துச் செய்தது போலிருக்கும் இந்த ஆல்பம் டோக்கியோவில் கூட்டத்தின் முன்னால் நேரடியாக வாசித்துப் பதிந்தது. பதிந்த பிறகு கைதட்டலை ஏறக்குறைய முழுசாகவே வெட்டி எடுத்துவிட்டார்கள். நம்ம ஊர் ‘லைவ்’ ஆல்பங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே கைதட்டல்தான் சரக்கு.

லிஃப்ட் மியூசிக் என்பவர்களின் மனசில் இருப்பது இதுதான்: ஜாஸ் என்றால் அந்த நிமிடத்தில் பிறக்க வேண்டும், இங்கே எல்லாம் எழுதி வைத்து ஒப்பிக்கிறார்கள். இந்தப் புகாரை அமெரிக்க விமர்சகர் சொன்னால் எனக்குப் புரிகிறது. தமிழ்க் காதுக்கு அந்தக் கூச்சம் எதற்கு? நாம் வளர்ந்ததே எழுதப்பட்ட வாத்திய இசையில். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே இளையராஜா போட்ட ஒரு நிமிடத்துக்குள்ளேயே எத்தனை திருப்பம், எத்தனை குரல். அதில் யாரும் தன்னிஷ்டத்துக்கு ஒரு ஸ்வரம் சேர்த்ததில்லை. அதனால் அது உயிரில்லாதது என்று எந்தத் தமிழனும் சொல்லிக் கேட்டதில்லை. ‘டேக் மீ’யின் மெட்டைக் கேட்கும்போது எங்கோ கேட்டது போலத் தோன்றினால், காரணம் காப்பி அல்ல. மேற்கத்திய ஸ்வரக் கூட்டுகளின் மேல் பாடத்தக்க ஒரு மெட்டை உட்கார வைப்பது இரண்டு ஊரிலும் முதல் வேலையாக இருந்தது.

நம்மிடம் ‘ஃப்யூஷன்’ என்ற சொல் கெட்டுப்போனதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். சென்னையில் ஃப்யூஷன் கச்சேரி என்றால் இப்போது ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது. ஒரு கீர்த்தனை, பின்னால் டிரம் கிட், கீபோர்டில் ஒருத்தர் கார்டு பிடிப்பார், மிருதங்கமும் டிரம்ஸும் மாறி மாறிக் கேள்வி-பதில், கடைசியில் தீர்மானம் மூன்று தடவை, எழுந்து நின்று கைதட்டல். கிழக்கு ஒரு நாற்காலியில், மேற்கு ஒரு நாற்காலியில். கல்யாணத்தில் சம்பந்திகள் பேசிக்கொள்வது போல ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். சக்தி குழுவை இதற்கு முன்னோடி என்பது அநியாயம். ஜான் மெக்லாக்லின் எஸ். ராமநாதனிடம் வீணை பாடம் கற்றவர், எல். சங்கரும் விக்கு விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் இருந்த மேடைக்கு அவர் வீட்டுப்பாடம் முடித்துவிட்டுத்தான் வந்தார்.

‘மின்ட் ஜாம்ஸ்’ ஆல்பத்தில் கோட்டோ கிடையாது, ஷாமிசென் கிடையாது. நாங்கள் ஜப்பானியர் என்று அது எங்கேயும் அடையாள அட்டையை நீட்டுவதில்லை. கோட்டோவோடு ஃப்யூஷன் வேண்டுமென்றால் லாஸ் ஏஞ்சலஸ் போக வேண்டும்; அங்கே ஜப்பானிய அமெரிக்கர்கள் தொடங்கிய ‘ஹிரோஷிமா’ குழுவில் ஜூன் குராமோட்டோ வாசித்தார். அந்நிய மண்ணில் வாழ்பவருக்கு அட்டை தேவைப்படுகிறது, அது நியாயம். டோக்கியோவில் இருப்பவருக்குத் தேவைப்படவில்லை. மயிலாப்பூரில் இருந்துகொண்டு நமக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ‘மின்ட் ஜாம்ஸ்’ என்பதில் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துகள். நாலு பேரின் பெயர், குடும்பப்பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளை எடுத்து மாற்றி அடுக்கினால் அந்த எட்டும் வந்துவிடும், ஒன்று மிச்சமில்லாமல். சரிபார்க்கப் பேனா எடுத்து உட்கார்ந்தேன், தொழில் புத்தி. சரியாக வருகிறது. காஸியோபியாவின் உருப்படிகளில் பெரும்பாலானவை நோரோ எழுதியவை. வேண்டுமானால் தன் பெயரை மட்டும் போட்டிருக்கலாம்.

அதே 1982 பிப்ரவரியில் சென்னையில் ‘பயணங்கள் முடிவதில்லை’ வெளியானது. ‘இளைய நிலா’ பாட்டின் தொடக்கக் கிட்டாரைத் தெரியாத தமிழர் இல்லை. கிட்டார் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பையனும் முதல் மாதத்திலேயே அதை முயற்சி செய்து விரலைப் புண்ணாக்கிக் கொள்கிறான். வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அந்தக் காலத்துப் பாட்டுகளின் பாஸ் கிட்டார் பற்றி ரெடிட்டில் நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதில் பெரும்பகுதி சசிதரனின் கை. கீபோர்டு விஜி மேனுவல். டிரம்ஸ் புருஷோத்தமன், சந்திரசேகரின் சகோதரர். சகுராயின் பாஸ் எந்தக் கம்பெனி, எத்தனை தந்தி என்று சொல்லக்கூடிய சென்னைப் பையன்களை எனக்குத் தெரியும். சசிதரன் யார் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. கேசட் அட்டையில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள் பெயர் இருக்கும். வாத்தியக்காரர்கள் பெயர் ரஹ்மான் அச்சிடத் தொடங்கும்வரை நமக்கு அநேகமாகக் கண்ணில் பட்டதே இல்லை.

‘எல்லாத்தையும் ராஜாவே எழுதிக் கொடுத்தார், வாசிச்சவர் வெறும் கைதானே’ என்று ஒரு வாதம் உண்டு. நோரோவும்தான் எழுதிக் கொடுத்தார். தாளில் ஸ்வரமும் கால அளவும் இருக்கும். ‘இளைய நிலா’வில் அடுத்தடுத்து விழும் ஒவ்வொரு ஸ்வரமும் முந்தையதன் ஓசை அடங்குவதற்குள் வந்து, ஆனால் அதை மூடாமல், ஒரே கனத்தில் நடக்கிறதே, அதை எந்த நொட்டேஷனும் எழுதாது. மேடையில் இன்று அதை வாசிக்கும் எத்தனையோ திறமைசாலிகளிடம் எல்லா ஸ்வரமும் சரியாக இருக்கிறது, அந்த நடை இல்லை.

ஜப்பானில் இது எப்படி வாய்த்தது? அங்குள்ளவர்கள் பெருந்தன்மையானவர்கள் என்பதால் அல்ல. டி-ஸ்கொயர் 1976-இல் மெய்ஜி பல்கலைக்கழகத்து மாணவர்களிடம் பிறந்தது. காஸியோபியா யமஹா நடத்திய ஈஸ்ட்வெஸ்ட் போட்டியில் வாசித்து மேலே வந்தது. வாத்தியம் விற்கும் கம்பெனிக்கு வாத்தியம் வாசிப்பவன் முகம் தேவை. அதனால் போஸ்டரில் கிட்டாரிஸ்ட் நின்றார். நம்மிடம் அதே தரத்து ஆட்களைச் சினிமா மொத்தமாக வேலைக்கு எடுத்துக்கொண்டது. காலை ஒரு கால்ஷீட், மதியம் ஒன்று. சம்பளம் வந்தது, குழு அமையவில்லை. சினிமாவுக்கு வெளியே ராஜா 1986-இல் செய்த ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பத்தில்தான் வி.எஸ். நரசிம்மனின் வயலினை அவர் பெயரோடு சேர்த்துக் கேட்க முடிந்தது.

மற்ற குழுக்களைப் பற்றிச் சுருக்கமாக. டி-ஸ்கொயரில் எண்பதுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்; பிறகு வருவதில் பலது கார் விளம்பரத்துக்குக் காத்திருப்பது போலிருக்கும். ஒசாகாவின் நானிவா எக்ஸ்பிரஸ் கொஞ்சம் அழுக்கானது, வியர்வை தெரியும், எனக்கு அதனாலேயே பிடிக்கும். ‘ப்ரிசம்’ ராக் பக்கம் சாய்ந்தவர்களுக்கு. கசுமி வதனபேயின் ‘கைலின்’ (1979) இவை எல்லாவற்றையும்விட முரட்டுத்தனமானது, ரியுச்சி சகமோட்டோ கீபோர்டில் இருக்கிறார். சதாவோ வதனபேயின் ‘கலிஃபோர்னியா ஷவர்’ ஞாயிற்றுக்கிழமை காலைக்கு. இன்றைய ஹிரோமியை நான் வியக்கிறேன், ஆனால் அவருடைய விரல்கள் சில சமயம் என்னை மூச்சுவிட விடுவதில்லை.

முகாயா பிற்பாடு ரயில் ஓட்டும் கணினி விளையாட்டுகள் செய்தார். ஜப்பானிய ரயில் நிலையங்களில் வண்டி கிளம்பும்போது ஒலிக்கும் சின்னச் சின்ன மெட்டுகளையும் எழுதினார். பிளாட்பாரத்தில் ஓடுகிறவர்களுக்கு யார் எழுதியது என்று தெரியாமல் இருக்கலாம், தேடினால் கிடைக்கும். சகுராயும் ஜிம்போவும் காஸியோபியாவிலிருந்து விலகி 1990-இல் ஒரு ஜோடிக் குழு ஆரம்பித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ஜிம்சாகு.