தீர்ப்பைத் தேடும் வாசகர்: 'தக்யீதுல் இல்ம்' நூலை முன்வைத்து

கருவிகளையும் மனித ஞானத்தையும் பற்றி எழுதப்படும் நூல்களுக்குப் பெரும்பாலும் ஒரே கதிதான் நேர்கிறது. புதிய கருவியொன்று மனிதனின் அறிவை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆசிரியர் பொறுமையாக ஆராய்ந்திருப்பார். வாசகரோ, அவர் அக்கருவியை ஏற்கிறாரா, மறுக்கிறாரா என்பதை மட்டும் அறிந்துகொண்டு நூலை மூடிவிடுவார். தீர்ப்பு நினைவில் நிற்கும். அதற்கு இட்டுச் சென்ற ஆராய்ச்சி மறைந்துபோகும். இக்குறை இன்று தோன்றியதன்று. நமது மரபின் தலைசிறந்த நூலொன்று வாசிக்கப்பட்டு வரும் முறையே இதற்குச் சான்றாகும்.

ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) பக்தாதில் மறைந்த இமாம் கதீபுல் பக்தாதி (ரஹ்) அவர்களைப் பெரும்பாலோர் 'தாரீகு பக்தாத்' ஆசிரியராகவே அறிவர். அவர் எழுதிய 'தக்யீதுல் இல்ம்' அளவில் சிறியது. 'அறிவைக் கட்டிவைத்தல்' என்பது அதன் பொருள். 1949இல் யூஸுஃப் அல்இஷ் அதனைப் பதிப்பித்து டமாஸ்கஸில் வெளியிட்டார். எழுத்து என்னும் கருவி, மனனத்தின் மீது நிலைபெற்றிருந்த ஒரு சமூகத்தின் அறிவை என்ன செய்யும் என்பதே அந்நூலின் வினா.

நூலின் அமைப்பு கருதத்தக்கது. முதற்பகுதியில், எழுதுவதை வெறுத்தோரின் அறிவிப்புகள் இடம்பெறுகின்றன. குர்ஆன் அல்லாத எதையும் தம்மிடமிருந்து எழுத வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் செய்தி அவற்றுள் முதன்மையானது. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் தொகுப்பிலும் அது உண்டு. மூன்றாம் பகுதி எழுதுவதற்கு அனுமதி தரும் அறிவிப்புகளுக்கு உரியது. மக்கா வெற்றியின்போது யமன் நாட்டு அபூஷாஹ் என்பவருக்காகத் தமது உரையை எழுதிக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் எழுதி வைத்திருந்த 'அஸ்ஸாதிகா' என்னும் ஏடும் அதில் பேசப்படுகின்றன. இறுதிப் பகுதி நூல்களின் சிறப்பைக் கூறுகிறது. இவற்றுக்கிடையே உள்ள இரண்டாம் பகுதியே நூலின் உயிர். வெறுத்தோர் ஏன் வெறுத்தனர் என்பதை இமாம் அங்கே ஆராய்கிறார்.

அவர் மூன்று காரணங்களைக் காண்கிறார். முதலாவது, இறைமறையையும் பிற ஏடுகளையும் பிரித்தறியும் பயிற்சி பெற்றோர் தொடக்க காலத்தில் குறைவாக இருந்தமையால், ஒன்று மற்றொன்றோடு கலந்துவிடும், அல்லது மக்கள் குர்ஆனை விட்டு வேறொன்றில் மூழ்கிவிடுவர் என்னும் அச்சம். இரண்டாவது, எழுத்தை நம்பி நெஞ்சு சோம்பிவிடும். ஏடு தொலைந்தால் அறிவும் தொலைந்துவிடும் என்னும் கவலை. மூன்றாவது, ஏடு தகுதியற்றோர் கையில் சேர்ந்தால் சொல் மட்டும் அவர்களிடம் போகும், பொருள் போகாது என்பது. தாபியீன்களில் ஒருவரான அபீதா அஸ்ஸல்மானீ (ரஹ்) தம் மரண வேளையில் ஏடுகளை வரவழைத்து அழித்துவிட்டதை இமாம் எடுத்துரைக்கிறார். பின்வருவோர் அவற்றை உரிய இடத்தில் வைக்க மாட்டார்கள் என்பதே அந்தப் பெரியாரின் அச்சம்.

காரணங்களை இவ்வாறு பிரித்துக் காட்டிய பின்னரே இமாம் அனுமதிக்கு வருகிறார். அறிவிப்பாளர் தொடர்கள் நீண்டு, பெயர்களும் வம்சங்களும் பெருகி, வாசகங்கள் வேறுபட்டு, நினைவாற்றல் அவற்றைத் தாங்க இயலாத நிலை வந்தபோது, எழுத்தே மனனத்தைவிட உறுதியானதாயிற்று என்கிறார். ஆக, ஹுக்மு மாறியதற்குக் காரணம் இல்லத் மாறியதே. உஸூலுல் ஃபிக்ஹ் பயின்ற எவருக்கும் இது பழக்கமான முறைதான்.

இத்தகைய நூலுக்கு வாசகர் செய்தது என்ன? ஹதீஸின் ஆதாரத்தன்மையை மறுப்போர் முதற்பகுதியில் உள்ள அறிவிப்புகளை எடுத்துக்கொண்டனர். அவர்களுக்கு மறுப்பு எழுதியோருள் பலர் மூன்றாம் பகுதியை எடுத்துக்கொண்டனர். மறுப்பு எழுதியது தேவையான பணி, அதில் ஐயமில்லை. ஆயினும் இரு தரப்பும் சேர்ந்து இரண்டாம் பகுதியை அநாதையாக்கிவிட்டன. எழுத்தைக் குறித்து அம்முன்னோர் கொண்டிருந்த மூன்று கவலைகளும் விவாதத்தின் இரைச்சலில் கேட்காமற் போயின.

மேற்குலகிலும் இதுவே நிகழ்ந்தது. அமெரிக்கரான நீல் போஸ்ட்மன் 1992இல் 'டெக்னோபொலி' என்னும் நூலை எழுதினார். பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் வரும் எகிப்திய மன்னன் தாமுஸின் கதையோடு அது தொடங்குகிறது. எழுத்தைக் கண்டுபிடித்துக் கொணர்ந்த தியூத்திடம், இது நினைவை வளர்க்காது, மறதியையே வளர்க்கும் என்று மன்னன் கூறுகிறான். போஸ்ட்மனைத் தொழில்நுட்பத்தின் பகைவர் எனக் கருதுவோர் இக்கதையைச் சுட்டுவதுண்டு. ஆனால், எழுத்தைச் சுமையாக மட்டுமே கண்டது மன்னனின் பிழை என்று போஸ்ட்மன் அங்கேயே சொல்லிவிடுகிறார். ஒவ்வொரு கருவியும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை எடுத்துக்கொள்கிறது என்பதே அவர் கருத்து. அவரை வெறுத்தோர் மட்டுமல்லர், அவரைப் போற்றியோருள்ளும் பலர் அந்தத் திருத்தத்தைத் தாண்டிச் சென்றுவிட்டனர்.

இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கருவி எதை எடுத்துக்கொள்கிறது என்பதைப் போஸ்ட்மன் நுட்பமாகக் கணக்கிடுகிறார். கதீபுல் பக்தாதி (ரஹ்) சார்ந்திருந்த முஹத்திஸ்களின் மரபு, இழப்பை ஈடுசெய்யும் ஒழுங்கையும் உருவாக்கியிருந்தது. எழுதிக்கொண்டு மனனம் செய்தனர். ஆசிரியரிடம் நேரில் செவியுற்றனர். எழுதியதை மூலத்தோடு 'முகாபலா' செய்து ஒப்புநோக்கினர். இஜாஸா பெற்றும் பிறர்க்கு அறிவித்தனர். எழுத்து ஏற்கப்பட்டது, ஆனால் அது ஆசிரியரின் மடியை விட்டு அகல அனுமதிக்கப்படவில்லை.

இவ்வாராய்ச்சி பழங்கதையன்று. இன்று அரபுக் கல்லூரி மாணவர் 'அல்மக்தபதுஷ் ஷாமிலா' மென்பொருளின் வழியே ஆயிரக்கணக்கான நூல்களை நொடியில் தேடுகின்றனர். முன்னர் பெரிய நூலகங்களுக்குச் சென்றால் மட்டுமே கிட்டிய கிதாபுகள் சிற்றூர் மாணவனுக்கும் கிட்டுவது பெரும் நிஃமத். ஆனால், எழுத்தை வெறுத்தல் என்னும் சொல்லை அங்கே தேடினால் 'தக்யீதுல் இல்ம்' நூலின் முதற்பகுதி மட்டும் தனியே எழுந்து வரும். அனுமதி என்று தேடினால் மூன்றாம் பகுதி மட்டும் வரும். இவ்விரண்டையும் இணைக்கும் காரணத்தை எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவது? நூலின் ஞானம் அதன் வரிசையில் இருக்கிறது; தேடுபொறி வரிசையைக் கலைத்துத் துண்டுகளைத் தருகிறது. முன்பு வாசகர் தாமே செய்த தவற்றை இப்போது கருவி அவர் சார்பில் செய்துவிடுகிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின்னர், வினாவுக்கு நேரே விடை எழுதித் தரும் கருவிகளும் மாணவர் கைக்கு வந்துவிட்டன. இல்லாத நூலையும் இல்லாத அறிவிப்பையும் சரளமான நடையில் இவை சொல்லிவிடக்கூடும். இவற்றைக் குறித்து நம்மிடையே எழும் வினா, கூடுமா கூடாதா என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த மூன்று கவலைகளை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாமா? எது எதனோடு கலந்துவிடுகிறது? எந்த ஆற்றல் சோம்பிப்போகிறது? யார் கையில் சொல் மட்டும் சேர்கிறது?

ஆசிரியர்கள் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்றுண்டு. மாணவன் தேடிக் கொணரும் ஒவ்வொரு வாசகத்திற்கும், அது நூலின் எந்த பாபில் வருகிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, ஆசிரியர் அதை எதற்காக அங்கே வைத்தார் என்று கேட்கலாம். விடை சொல்ல அவன் நூலைத் திறந்தே ஆகவேண்டும். முகாபலாவின் இன்றைய வடிவம் இதுவே எனலாம். கருவியும் அவனிடம் இருக்கும். கிதாபும் கைவிட்டுப் போகாது.

எழுதுகோல் கொண்டு கற்பித்ததைத் தன் அருட்கொடையாகக் கூறும் அதே இறைமறை, வேதத்தைப் பெற்றும் அதன்படி நடவாதோரை ஏடுகள் சுமக்கும் கழுதைக்கு ஒப்பிடுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து ஓதுவதே நம் கடமை. வல்லாஹு அஃலம்.