16,000 ரூபாய்க் கணிப்பொறி மலிவா?

16,000 ரூபாய்க்குப் புத்தம்புதிய கணிப்பொறி ஒன்று கிடைக்கிறது என்றால் அதை மலிவு என்றுதானே சொல்வீர்கள்? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்துக்கு மேற்கேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், தன் மடிக்கணிப்பொறியைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து ஆய்வக மேசைமேல் வைத்த நாளோடு அந்த எண்ணம் போயிற்று.

வாங்கி 14 மாதம் ஆகியிருந்தது. உத்தரவாதமோ 12 மாதம். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, திரையில் நிறுவனத்தின் பெயர் தோன்றியது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. "மெமரி போயிடுச்சாம் சார். போர்டையே மாத்தணும், பத்தாயிரம் ஆகும்னு சொல்றாங்க" என்றான். முண்டியம்பாக்கம் ஆலைக்கு அனுப்பிய கரும்பின் பணத்தில் அவன் வீட்டார் வாங்கித் தந்த பொறி அது.

எந்த நிறுவனம், எந்தக் கடை என்பது இங்கே முக்கியமல்ல. அந்த விலையில் விற்கும் பல பொறிகளின் உடலமைப்பு ஒன்றேதான். இக்கட்டுரையில் நான் குறைகூறப் போவது அந்த உடலமைப்பைத்தான்.

கீழ்மூடியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை. மீதி இடத்தில் பெரும்பகுதி பாட்டரி. கணக்கிடும் செயலி, ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம், கோப்புகளைச் சேமித்து வைக்கும் நிலைநினைவகம் ஆகிய மூன்றும் அப்பலகையிலேயே பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று கெட்டால் அதை மட்டும் எடுத்து மாற்ற வழியில்லை. நம் ஊர்க் கடைகளில் உள்ள சாதாரணச் சூட்டுக்கோலுக்கு அந்த வேலை ஆகாது.

இத்தகைய மலிவுப் பொறிகளின் நிலைநினைவகத்துக்கு ஈ.எம்.எம்.சி. என்று பெயர். செல்பேசியில் செருகும் மெமரி கார்டுக்கு இது நெருங்கிய உறவு. மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட மிகச்சிறு அறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதே இதில் எழுதுதல்; அவற்றை வெளியேற்றுவது அழித்தல். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்தக் காப்புப் படலம் சிறிது பழுதாகிறது. ஆகவே ஓர் அறையில் எழுதக்கூடிய தடவைகளுக்கு ஓர் எல்லை உண்டு. சில நூறு, போனால் சில ஆயிரம். கொள்ளளவு பெரிதாக இருந்தால் எழுதும் வேலை பல அறைகளுக்குப் பங்கிடப்படும். சிறிதாக இருந்தால் அதே அறைகள் மீண்டும் மீண்டும் தேயும்.

இனி ரேமுக்கு வருவோம். ரேம் என்பது நீங்கள் படிக்கும் மேசை. நிலைநினைவகம் என்பது புத்தக அலமாரி. மேசை சிறிதாக இருந்தால் புதிய புத்தகம் எடுக்கும்போதெல்லாம் பழையதை அலமாரியில் கொண்டுபோய் வைக்க வேண்டுமல்லவா? 4 கிகாபைட் ரேமில் விண்டோஸையும் பத்து இணையப் பக்கங்களையும் திறந்து வைத்தால் கணிப்பொறி ஓயாமல் இந்த வேலையைத்தான் செய்கிறது. ரேமில் இடமில்லாததை ஈ.எம்.எம்.சி.யில் எழுதுகிறது, பிறகு திரும்பப் படிக்கிறது. உங்களுக்குத் தெரிவதோ "ஸ்லோவா இருக்கு" என்பது மட்டும். உள்ளே அலமாரி தேய்ந்துகொண்டிருக்கிறது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 64 கிகாபைட் நிலைநினைவகம் வேண்டுமென்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே குறிப்பிட்டிருக்கிறது. அப்படியானால் மொத்தமே 64 கிகாபைட் உள்ள பொறியில் உங்கள் பாடக்குறிப்புக்கும் படங்களுக்கும் என்ன மிஞ்சும்?

விலை குறைந்ததால் இப்படித்தான் இருக்கும் என்று வாதிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் வீட்டிலுள்ள ஒரு பொறியைக் காட்ட விரும்புகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் நானும் ஒரு பொறி பெற்றவன். மூடியில் முதலமைச்சர் படம். உள்ளே 2 கிகாபைட் ரேம், 320 கிகாபைட் ஹார்டு டிஸ்க். விண்டோஸுடன், சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை நாங்கள் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. அந்தப் பொறியைப் பற்றி அன்று கேலி பேசாதவர் இல்லை. எல்காட் நிறுவனத்தின் வழியே மொத்தமாக வாங்கப்பட்ட சாதாரணப் பொறிதான் அது. ஆனால் அந்தச் சாதாரணத்திலேயே ஒரு நன்மை இருந்தது: ரேம் ஒரு செருகுவாயில் இருந்தது, ஹார்டு டிஸ்க் இன்னொன்றில் இருந்தது.

2019-இல் அது தாங்கமுடியாத அளவுக்கு மெதுவாகிவிட்டது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது விநாடிக்கு 90 சுற்று சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய செய்தி தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, 5.5 மில்லிவிநாடி, காத்திருக்க வேண்டும். தலை சரியான தடத்துக்கு நகர மேலும் 12 மில்லிவிநாடி என்று கொள்வோம். ஆக ஓர் இடத்தைப் படிக்கச் சுமார் 17 மில்லிவிநாடி. விநாடிக்கு அறுபது இடங்களைக்கூட அதனால் தேடிப் படிக்க இயலாது! அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. நினைவகமோ இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. கெட்டுப்போனதாக நாம் நினைக்கும் பழைய கணிப்பொறிகளில் பாதிக்கு இதுதான் நோய். நான் எஸ்.எஸ்.டி. ஒன்றும் கூடுதல் ரேமும் வாங்கிப் போட்டேன். இரண்டுக்குமாகச் சுமார் 4,000 ரூபாய் ஆயிற்று. இன்றும் என் மகள் அதில்தான் படம் வரைகிறாள்.

மலிவு என்பதைச் சரியாகப் புரிந்துகொண்ட பொறிகள் முன்பே இருந்திருக்கின்றன. 1981-இல் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் இசட்.எக்ஸ். 81 என்ற கணிப்பொறியை 70 பவுனுக்கும் சற்றுக் குறைவாக விற்றது. ரேம் வெறும் 1 கிலோபைட்! திரை கிடையாது; வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்க வேண்டும். நிலைநினைவகம் கிடையாது; டேப் ரிக்கார்டரில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பின்புறம் ஒரு செருகுவாய் இருந்தது. பணம் சேர்ந்தபோது 16 கிலோபைட் ரேமை வாங்கிச் செருகலாம். அந்தப் பெட்டி ஆடினால் எழுதியதெல்லாம் அழிந்துபோகும் என்று அந்நாளில் பயன்படுத்தியவர்கள் நொந்துகொள்வார்கள். இருந்தாலும் வழி இருந்தது. வீட்டில் ஏற்கெனவே உள்ளதைப் பயன்படுத்து, பிறகு வேண்டியதைச் சேர் என்பது அதன் அமைப்பு. 2020-இல் வந்த ராஸ்பெர்ரி பை 400 கணிப்பொறியும் இந்த வழியில் வந்ததே. விசைப்பலகைக்குள்ளேயே கணிப்பொறி, திரைக்கு உங்கள் தொலைக்காட்சி.

நம் நாட்டு ஆகாஷ் வேறு வழியில் சென்றது. 2011 அக்டோபர் 5 அன்று டில்லியில் வெளியிடப்பட்ட அந்தப் பலகைக் கணிப்பொறியை "உலகிலேயே மலிவானது" என்று கொண்டாடினார்கள். 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் ரேம். தொடுதிரையோ இரண்டு மின்கடத்தும் படலங்கள் ஒன்றையொன்று தொடும்படி அழுத்தினால்தான் வேலை செய்யும் வகை. முதலில் விலையை நிர்ணயித்துவிட்டு, பிறகு அதற்குள் அடங்குமளவு கணிப்பொறியைச் சுருக்கினார்கள் என்பது என் கருத்து. மறு ஆண்டே செயலி, ரேம், திரை எல்லாவற்றையும் மாற்றி ஆகாஷ் 2 வெளியிட வேண்டியதாயிற்று.

2023 ஆகஸ்டில் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக்கின் குறிப்பையும் இதே கண்ணோடு படிக்கலாம். எடை 990 கிராம். தூக்கிச் செல்ல மிக நன்று. 4ஜி சிம் போடலாம். கம்பிவழி இணையம் வராத கிராமத்தில் இது பெரிய வசதி, மறுக்கமாட்டேன். அடுத்த வரி: 4 கிகாபைட் ரேம், 64 கிகாபைட் ஈ.எம்.எம்.சி. விண்டோஸ் அல்லாத தனி இயக்கமுறைமை என்பதால் பாரம் சற்றுக் குறைவு. மெமரி கார்டு செருகவும் இடமுண்டு. பாடங்களைக் காணொளியில் பார்க்க, கடிதம் தட்டச்சு செய்ய மட்டும் வேண்டுமென்றால் அது போதும். ஆனால் இயற்பியல், கணிதம், கணிப்பொறியியல் படிக்கும் மாணவன் இரண்டாம் ஆண்டில் தன் மென்பொருளை அதில் நிறுவ முயலும்போதுதான் சங்கடம் தொடங்கும்.

அப்படியானால் அதே பணத்தில் என்ன வாங்குவது? அலுவலகங்கள் மூன்று, நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழித்த மடிக்கணிப்பொறிகளை வாங்குங்கள் என்பேன். அவை முதலில் ஐம்பது, அறுபதாயிரத்துக்கு விற்றவை. திருகைக் கழற்றிப் பழுதுபார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. எடுத்துக்காட்டாக 2018-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490 ஆகியவற்றில் ரேமுக்கு இரண்டு செருகுவாய்கள் உண்டு; எஸ்.எஸ்.டி.யையும் பாட்டரியையும் தனித்தனியே மாற்றலாம். இத்தகையவை நான் விசாரித்த கடைகளில் 14,000 முதல் 20,000 ரூபாய் வரை இருந்தன. 2025 இறுதியிலிருந்து உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியிருப்பதால், போதிய ரேம் ஏற்கெனவே உள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது.

இவ்விடத்தில் ஒரு தேதியை நினைவில் கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்க, இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறைப் பொறிகள் நல்ல நிலையிலேயே குறைந்த விலைக்கு விற்பனைக்கு வருகின்றன. கடைக்காரர் அதில் விண்டோஸ் 11-ஐ எப்படியோ ஏற்றித் தருவார். அதை நம்பி வாங்காதீர்கள். லினக்ஸ் கற்கத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம். தமிழ் 99 விசைப்பலகையும் அவற்றில் கிடைக்கிறது.

பழைய பொறியில் ஏமாற்று இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, நிறையவே உண்டு. முதல் ஏமாற்று பாட்டரி. விண்டோஸிலும் லினக்ஸிலும் பாட்டரி அறிக்கையைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும்: புதிதாக இருந்தபோது கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளளவு. 48 வாட்-மணி என்றிருந்தது 24 ஆகியிருந்தால், 12 வாட் செலவழிக்கும் பொறி நான்கு மணிக்குப் பதில் இரண்டு மணி நேரமே ஓடும். உடனே புதுப் பாட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். அடுத்தது சார்ஜர். மின்னழுத்தம் அந்தப் பொறிக்கு உரியதுதானா, வாட் போதுமா, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டால் சுரீரென்கிற சார்ஜரை ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் உள்ளே பூட்டப்பட்டிருந்தால் அதுவும் தலைவலியே.

நான் செய்வது இதுதான். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோவேன். அதிலிருந்தே பொறியை இயக்கி, கால் மணி நேரத்தில் ஒவ்வொரு விசையையும், திரையின் மூலைகளையும், ஒலியையும், வைஃபையையும் சோதித்துவிடலாம். அனுமதிக்காத கடையிலிருந்து எழுந்து வந்துவிடுவேன்.

பொழுதுபோக்கைப் பற்றி ஒரு சொல். சினிமாவும் யூடியூபும் பார்க்கப் புதுப்பொறி தேவையில்லை, எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்தால் போதும். காணொளிகள் சுருக்கப்பட்டு வருகின்றன. விரிக்கும் வேலையைச் செய்யச் செயலிக்குள் தனிச் சுற்று இருந்தால் பொறி குளிர்ந்திருக்கும். யூடியூப் மிகுதியாகப் பயன்படுத்தும் வி.பி.9 வகைக்கு இன்டெலின் ஏழாம் தலைமுறையிலிருந்து அந்தச் சுற்று முழுமையாக உண்டு. அதற்கு முந்தியதில் படம் ஓடும், ஆனால் விசிறி இரையும். மேசைக் கணிப்பொறி இன்னும் மலிவாயிற்றே என்றால், ஆம். ஆனால் திரையுடன் 100 வாட் இழுக்கும் பெட்டி தினம் 4 மணி ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். 20 வாட் மடிக்கணிப்பொறிக்கு 5 யூனிட்கூட ஆகாது. போதாக்குறைக்கு மின்சாரம் போனால் பெட்டி அந்த நொடியே அணையும். 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பின் நம் மாவட்டத்தில் மின்சாரமின்றி இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மாணவன் பலகையை மாற்றவில்லை. விழுப்புரத்தில் இரண்டு கடைகளில் விசாரித்தான். பிறகு ஒரு நாள் என்னையும் அழைத்துக்கொண்டு ரயிலேறி, எழும்பூரில் இறங்கிச் சென்னை ரிச்சி தெருவுக்கு வந்தான். நான்காவது கடையில் 15,000 ரூபாய்க்கு ஓர் எட்டாம் தலைமுறைப் பொறி அமைந்தது. 8 கிகாபைட் ரேம், 256 கிகாபைட் எஸ்.எஸ்.டி.; மூடியில் ஒரு கீறல், பாட்டரி 70 விழுக்காடு. ரசீதில் பொறியின் வரிசை எண்ணை எழுதி வாங்கிக்கொண்டோம். நீங்களும் போவதாயிருந்தால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். பாதிக் கடைகளுக்கு மேல் மூடியிருக்கும்.