கிருஷ்ணகிரிக் காடும் ஒரு துண்டுத் தகவலும்

2019 அக்டோபரில் டெல்லியில் நடந்த பயங்கரவாதத் தடுப்புப் பிரிவுத் தலைவர்கள் மாநாட்டில் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. ஒரு தகவலை வெளியிட்டது. வங்கதேசத்தின் ஜமாத்-உல்-முஜாகிதீன் அமைப்பினர் பெங்களூரில் 20, 22 மறைவிடங்கள் வைத்திருந்தார்கள். எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மலைப்பகுதியில் ராக்கெட் ஏவிப் பார்த்தார்கள். தங்குவது ஒரு மாநிலம், சோதிப்பது இன்னொரு மாநிலம் என்றால் எந்த மாநிலப் போலீசுக்கும் பாதிதான் தெரியும். ஓசூரை ஒட்டிய ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008-இல் என்.ஐ.ஏ. ஏன் வந்தது என்று ஓசூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தகவல் பிறகு பட்ட பாடுதான் விஷயம். 2024 மார்ச் 1 அன்று பெங்களூர் ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. தேர்தல் நேரம். தமிழ்நாட்டிலிருந்து பயிற்சி பெற்று வந்தவர்கள் வைத்த குண்டு என்றார் அப்போதைய மத்திய இணை அமைச்சர் ஷோபா கரந்தலாஜே. எதிர்ப்பு கிளம்பியதும், கிருஷ்ணகிரிக் காட்டில் பயிற்சி பெற்றவர்களைத்தான் சொன்னேன் என்று விளக்கம். செப்டம்பரில் என்.ஐ.ஏ. நால்வர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. முக்கியமான இருவர் சிவமொக்கா மாவட்டத்துத் தீர்த்தஹள்ளிக்காரர்கள். தமிழ்நாட்டுத் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது: சந்தேக நபர் போட்டுவிட்டுப் போன தொப்பி சென்னையில் வாங்கியது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடியது துப்பறிதல். காட்டைக் காட்டி ஒரு மாநிலத்தையே சுட்டியது அரசியல். அமைச்சர் அந்தப் பேச்சுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், அவர் மீதான வழக்கு ரத்தானது.

உளவுத் தகவலுக்கு ஆள், தேதி, நோக்கம் மூன்றும் உண்டு. அவை உதிர்ந்துவிட்டால் மிஞ்சுவது ஊர்ப்பெயர் மட்டும். அதைக் குறுக்கு விசாரணை செய்ய யாராலும் முடியாது. காவலைப் பலப்படுத்த அது போதும், பழி போடப் போதாது. இந்தச் சந்தேகத்தின் சுமை ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து லைன் வீடுகளில் இறங்குகிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையனிடம் வீட்டுக்காரர் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார், ஸ்டேஷனில் கொடுக்க. கேட்பது தவறில்லை. அந்த நகல் எத்தனை நாள் அங்கே கிடக்கும், யார் கையில் போகும் என்று அவனுக்கு யார் சொல்கிறார்கள்?

இந்த மண்ணுக்கு இப்படிப்பட்ட சந்தேகம் புதிதல்ல. 2002-இல், கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகுமுன், ஊத்தங்கரையில் நக்சலைட்டுகள் என்று பிடித்தவர்கள் மீது பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா பாய்ந்தது. அதில் சிறுவர்களும் சிக்கினார்கள். எஸ்.பி.யிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம் என்றது அந்தச் சட்டம். 2004-இல் அது போனது. இன்றைய சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான ஊபாவில் அந்தப் பிரிவு இல்லை, நிஜமான முன்னேற்றம்தான். ஆனால் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம், போலீஸ் காகிதம் மேலோட்டமாக நம்பும்படி இருந்தாலே ஜாமீன் கிடையாது. தண்டனைக்குப் பற்றாத ஒரு துண்டுத் தகவல், ஆளை வருடக்கணக்கில் சிறையில் வைக்கப் போதுமானதாகிவிடுகிறது.

ஒட்டுக்கேட்பிலும் இதே கதை. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2011-இல் ஒரு லஞ்ச வழக்குக்காக மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல், குற்றம் கண்டுபிடிக்க மட்டும் போனைக் கேட்கக் கூடாது. கேட்டதை மறுஆய்வுக் குழுவின் முன்னும் வைக்கவில்லை என்றார். சரியான தீர்ப்பு. வைத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்பது என் சந்தேகம். மத்தியக் குழுவில் இருப்பவர்கள் அமைச்சரவைச் செயலாளர், சட்டத் துறைச் செயலாளர், தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர். உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். குழுவில் ஒரு நீதிபதிகூடக் கிடையாது.