செல்லை எண்ணி வாங்கும் கருவி

கொல்கத்தா கிடர்பூரிலிருந்து டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கே போனால் தாராதலா, அதையும் தாண்டினால் பெஹாலா. பார்வையற்றோர் கல்வியில் இந்தச் சாலைக்குத் தனி இடம் உண்டு. 1897-இல் லால் பிஹாரி ஷா தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இன்று பெஹாலாவில் நடக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து இந்திய மொழிகளுக்கான பிரெய்ல் கருவிகளை உருவாக்கிய மாநில அரசு நிறுவனம் வெபல் மீடியாட்ரானிக்ஸ் இருப்பது தாராதலாவில். ஆனாலும் கிடர்பூரில் படிக்கும் ஒரு பார்வையற்ற மாணவிக்கு புள்ளிகளை எழுப்பி விரலால் படிக்க வைக்கும் பிரெய்ல் டிஸ்ப்ளேக்களில் எதை வாங்கித் தரலாம் என்று கேட்டால், நம் நாட்டில் எங்கும் கிடைக்கும் விடைதான் அங்கும் கிடைக்கும்: கையிலிருக்கும் பணத்துக்கு எத்தனை செல், அதாவது எத்தனை புள்ளிக் கட்டம், வருகிறதோ அதை வாங்குங்கள்.

இந்தக் கணக்கு சும்மா வந்ததல்ல. பழைய வகை டிஸ்ப்ளேயில் ஒவ்வொரு புள்ளியின் அடியிலும் ஒரு பீசோ பீங்கான் பட்டை இருக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அது வளைந்து ஊசியை மேலே தள்ளும். செல்லுக்கு எட்டு ஊசி என்றால் 40 செல்லுக்கு 320 பட்டைகள். செல் கூடக் கூட விலையும் ஏறும். அந்த விலையை உடைக்கவே 20 செல் கருவிகள் வந்தன. பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் ஒன்றுகூடிப் பணம் போட்டதில் சுமார் 500 டாலருக்கு ஆர்பிட் ரீடர் 20 பிறந்தது. மும்பையின் இன்னோவிஷன் நிறுவனம் காந்த விசையில் இயங்கும் பிரெய்ல் மீயைக் கொண்டுவந்தது. டெல்லி ஐ.ஐ.டி. முன்னின்று உருவாக்கிய டாட்புக் 2019-இல் வெளியானது. லட்சங்களில் இருந்த ஒரு பொருள் நடுத்தரக் குடும்பம் யோசித்துப் பார்க்கும் விலைக்கு இறங்கியதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஆர்பிட்டில் எஸ்டி கார்டைச் செருகினால் போதும், இணையமே இல்லாமல் புத்தகம் படிக்கலாம். எழுந்த ஊசி விரல் அழுத்தத்தில் அமுங்காது. புதிதாகக் கற்கும் விரலுக்கு இது பெரிய உதவி.

குறை தெரிவது நம் மொழியில் படிக்க உட்காரும்போதுதான். 1951-இல் நிலைபெற்ற பாரதி பிரெய்லில் அகரம் ஏறிய எழுத்துக்கு ஒரே செல்; மற்ற உயிர்மெய்க்கு மெய் ஒரு செல், உயிர் ஒரு செல். புள்ளி வைத்த எழுத்துக்கு முன்னால் புள்ளிக்கென இன்னொரு செல். ‘படிக்கிறேன்’ என்ற சொல்லை எடுங்கள். ப ஒன்று, டி இரண்டு, க் இரண்டு, கி இரண்டு, றே இரண்டு, ன் இரண்டு: ஆகப் பதினொன்று. 20 செல் வரியில் இந்த அளவுள்ள இரண்டு சொல் சேர்ந்து நிற்காது. ஆங்கிலத்தில் சுருக்க பிரெய்ல் பழகியவருக்கு அதே வரியில் நாலைந்து சொல் அடங்கிவிடும். வங்காளத்துக்கும் கூட்டெழுத்துகளால் இதே நெருக்கடி. விரல் வரியின் முடிவைத் தொட்டதும் பொத்தானை அழுத்தி அடுத்த துண்டை வரவழைக்க வேண்டும். வாக்கியத்தின் பயனிலை வருவதற்குள் எழுவாய் நினைவிலிருந்து நழுவும். ஆர்பிட்டில் ஊசிகள் மாறும்போது எழும் ஓசையும் அந்த நொடித் தாமதமும் சேர்ந்தால், நீண்ட கட்டுரை வாசிப்பு களைப்பாகிவிடும்.

கிடர்பூரில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் உருது, தெருவில் இந்தி, பள்ளியில் வங்காளமோ ஆங்கிலமோ என்று வளரும் பிள்ளைகள் அங்கே ஏராளம். ஒரே ஒலிக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிவடிவம் என்பதால் பாரதி பிரெய்ல் அவர்களுக்கு வரப்பிரசாதம்; உருதுவைக்கூட இடமிருந்து வலமாகவே விரல் படிக்கிறது. ஆனால் உருது எழுத்தில் குறில்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை, அதனால் கோப்பை பிரெய்லாக மாற்றுவது எளிதல்ல. கருவி ‘இந்திய மொழிகளை ஆதரிக்கிறது’ என்று பெட்டிமேல் அச்சிட்டிருந்தால் போதாது. அந்தப் பிள்ளையின் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஏற்றிப் படிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

கிடர்பூர் ஃபேன்சி மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் பேசும் செல்போன் இருக்கையில் பிரெய்ல் எதற்கு என்பாரும் உண்டு. வேகத்தில் அவர்கள் சொல்வது சரி. செய்தித்தாளுக்குப் பேச்சே போதும். ஆனால் வங்காளத்தில் மூன்று சகரங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஒலிக்கும். தமிழில் ந, ன இரண்டையும் காது பிரித்தறியாது. கேட்டு மட்டுமே வளர்ந்த பிள்ளை எழுதும்போது எந்த எழுத்தைப் போடும்? எழுத்தைத் தொட்டு அறிந்தவருக்கே அதில் உறுதி வரும். பிரெய்லை விட்டுக்கொடுப்பது பார்வையற்ற பிள்ளையிடமிருந்து எழுத்தறிவையே பிடுங்குவதாகும் என்று நினைக்கிறேன்.

கணக்குப் பாடத்தில் ஒற்றை வரி டிஸ்ப்ளே, 20 செல்லானாலும் 40 ஆனாலும், தோற்றுவிடுகிறது. வகுத்தலையும் அட்டவணையையும் மேலும் கீழுமாகத் தடவித்தான் புரிந்துகொள்ள முடியும். பத்து வரி மோனார்க், ஒன்பது வரி கனூட் போன்றவை வந்துவிட்டாலும் நம் பள்ளிகளுக்கு அவை எட்டாத விலை. அவை எட்டும்வரை கணக்குப் போட உதவும் டெய்லர் பலகையையும் தாள் பிரெய்லையும் ஒதுக்கிவிடக் கூடாது.

வாங்குகிறவர் பெரும்பாலும் பார்வையுள்ள அதிகாரி அல்லது நன்கொடையாளர். ஒப்பந்தப்புள்ளியில் செல் எண்ணிக்கை இருக்கும், பேட்டரி இருக்கும். கொல்கத்தாவின் புழுக்கத்தில் வியர்த்த விரல்களின் பிசுக்கு ஏறி ஊசி சிக்கினால் யார் சுத்தம் செய்வார், எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்பது இருக்காது. நான் கேட்பது இதுதான்: ஒப்பந்தத்துக்கு முன் இரண்டு மூன்று மாதிரிகளை மாணவர்கள் கையில் சில வாரங்கள் விடட்டும். பழுதுபார்க்க அந்த ஊரிலேயே ஆளும் மாற்றுச் செல்களும் வேண்டும் என்று எழுதட்டும். பள்ளிப் பிள்ளைக்கு, நல்ல சேவை உள்ள 20 செல் கருவியையே பரிந்துரைப்பேன். நாள் முழுக்கக் கணினியில் கணக்கு வழக்கோ நிரலோ எழுதும் ஊழியருக்கு 40 செல்லும், சுட்டியை நினைத்த எழுத்தில் நிறுத்தும் பொத்தான்களும் தேவை. அங்கே விலை குறைக்கப் பார்ப்பது அவருடைய வேலையையே பாதிக்கும்.